திப்புவின் காசும் கண் கூசும் ஒளியும்

ஆட்டையாம்பட்டி என்றால் கைமுறுக்கு நினைவுக்கு வரும். அவ்வூர் அமைந்த சேலத்துச் சமவெளி, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியாரிடம் கைமாறும் வரை மைசூர் ஆட்சியில் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அவ்வாட்சியின் வெள்ளிக் காசுகளைப் படமெடுத்து ஆராய முற்படுவோருக்கு முதல் இடையூறு அவற்றின் பளபளப்பே.

திப்பு சுல்தானின் வெள்ளிக் காசுகளில் உருவங்கள் இல்லை. எழுத்தும் எண்ணுமே உண்டு. ஓர் இலக்கம் ஒளியில் மறைந்தாலும் வரலாறு பிழைபடும். 1787ஆம் ஆண்டளவில் அவர் ஹிஜ்ரிக்கு மாற்றாக மௌலூதி என்னும் ஆண்டுக்கணக்கைப் புகுத்தி, அதன் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். ஹிஜ்ரி 1201க்கு இணையான மௌலூதி 1215, காசில் 5121 எனத் தோன்றும். இந்த 1215ஐ ஹிஜ்ரி எனக் கொண்டால் கி.பி. 1800 வந்துவிடும். 1799 மே 4இல் போர்க்களத்தில் உயிர் நீத்தவர் மறு ஆண்டில் காசு அடித்ததாக முடியும்!

பளபளப்பான காசு ஒரு கண்ணாடி போன்றது. விளக்கொளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் எதிரே திரும்பும். அது படக்கருவியின் கண்ணில் பட்டால் எழுத்து மறைந்துவிடும். ஆகவே ஃபிளாஷைத் தவிர்த்து, விளக்கிற்கும் காசிற்கும் இடையே மெல்லிய வெள்ளைத் தாளை நிறுத்தி ஒளியைப் பரவச் செய்தல் வேண்டும். கருவியின் உருவம் காசில் விழாதிருக்க, நடுவே துளையிட்ட கறுப்பு அட்டையை அதன் முன் மாட்டலாம். தேய்ந்த எழுத்தாயின், பக்கவாட்டில் தாழ்வாக வரும் ஒளி மேடு பள்ளங்களை நிழலால் எடுத்துக்காட்டும்.

முந்தைய நாணயவியலாளர் பலர் வேறு வழி கண்டனர். காசைப் பாரிஸ் சாந்தில் அச்செடுத்து, பளபளப்பற்ற அவ்வெண்ணிற அச்சையே படம் பிடித்தனர். காசின் மீது கைவைக்காமலேயே எழுத்து தெளிந்தது.

நம் இல்லங்களிலோ பழங்காசு கிடைத்ததும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு துலக்கும்போது அழுக்குடன் எழுத்தின் விளிம்பும் தேய்கிறது. பளபளப்பு மிகுந்து படமும் கெடுகிறது. மாற்ற வேண்டியது ஒளியையே, காசை அன்று. விளக்கைச் சற்றே நகர்த்தினால் போதும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பொறித்த எண் தானே வெளிப்படும்.