செஞ்சி தந்த பெயர்

காலையில் காரைக்குடிக்கு வெளியே செம்மண் பொட்டலில் நடப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். மண்கட்டி என்று நினைத்தது காலடியில் எழுந்து பறக்கும். ஆண் பறவை மேலே ஏறி, சிறகை மடக்கிக்கொண்டு நீளமாய்ச் சீழ்க்கையடித்தபடி விழும். தரையில் மோதப்போகிறது என்று நாம் பதறும்போது மறுபடி ஏறிவிடும். இதுதான் சாம்பல்தலை வானம்பாடி.

ஆணை அடையாளம் காண்பது எளிது: சாம்பல் உச்சி, கண் வழியே கறுப்புக் கோடு, அடிவயிறு முழுக்கக் கறுப்பு. பெண் வெறும் மண் நிறம். அதைப் பெண் சிட்டுக்குருவி என்றே பல வருடம் நினைத்திருந்தேன். காலைப் பாருங்கள், சிட்டுக்குருவி தத்தும், இது நடக்கும், ஓடும்.

இதை முதலில் எழுதியவர் பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர். 1774 முதல் 1781 வரை அரசர் ஆணைப்படி செய்த பயணத்தை 1782இல் நூலாக வெளியிட்டார். அதில் இது செஞ்சிப் பறவை. அதைப் படித்துத்தான் 1786இல் ஸ்கோப்போலி என்ற இத்தாலியப் பேராசிரியர் லத்தீனில் 'அலாவுதா கிரிசியா' என்று பெயரிட்டார். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அகராதி தேவைப்படவில்லை. 'கிரி' என்றால் சாம்பல் நிறம்.

ஆனால் சொன்னராவை அப்படியே நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவின் கூக்கபுராவை நியூகினியில் கண்டதாக எழுதியவர் அவர். அந்தப் பறவையின் லத்தீன் பெயரில் இன்றும் நியூகினிதான் இருக்கிறது! செஞ்சியின் சின்ன மைனா என்று அவர் எழுதிய பறவையும் வட இந்தியச் சமவெளிக்குரியது. 1790இல் லேதம் அதற்கு 'ஜிஞ்சினியானஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். பிழை பெயரோடு ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் ஒரு கோப்பில் தப்பாக ஏறிய ஊர்ப்பெயர் பின்னால் வந்த எல்லாக் கோப்புகளிலும் தொடர்வதைப் பார்த்தவன் நான். அதனால் எனக்கு வியப்பில்லை.

வானம்பாடி விஷயத்தில் மட்டும் சொன்னரா சரி. செஞ்சிப் பக்கமும் நம் பக்கமும் இது தேடுவது ஒன்றைத்தான்: மரமில்லாத வெறும் தரை. சிறு குழியில் புல்லும் மயிரும் பரப்பி இரண்டு மூன்று முட்டை இடும். அந்தத் தரையைத்தான் நாம் தரிசு என்கிறோம்.

எங்கள் தெருக்கோடிப் பொட்டலில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். நேற்று ஒரு கல்லின் நிழலில் பெண் பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் சுற்றிக்கொண்டு போனேன்.