மத்தி மீனைக் கொன்றது யார்? கடலடிச் சேறு சொன்ன சாட்சி

1930களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மாண்டரே என்ற சிறிய துறைமுக ஊர் மத்தி மீனை நம்பியே பிழைத்தது (நம் தென்கரையில் சாளை என்கிறோமே, அதன் பசிபிக் உறவு). 1936-37 பருவத்தில் மட்டும் பசிபிக் கரையோரத்தில் பிடிபட்ட மத்தி 7 லட்சம் டன்னுக்கு மேல்! இவ்வளவையும் மனிதர்கள் தின்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டப்பாவில் அடைத்ததுபோக, பெரும்பங்கு அரைபட்டு எண்ணெயாகவும் கோழித் தீவனமாகவும் உரமாகவும் போனது. 1945-ல் ஜான் ஸ்டைன்பெக் அந்த ஊரின் மீன் டப்பா ஆலைத் தெருவை வைத்து ‘கேனரி ரோ’ நாவலை வெளியிட்டார். நாவல் வந்த சூட்டோடு மீன் காணாமல் போயிற்று. 1952-53 பருவத்தில் கலிஃபோர்னியாவில் கிடைத்தது சில ஆயிரம் டன் மட்டுமே.

பழி யார் மேல்? மாநில மீன்வளத் துறையின் ஃபிரான்சஸ் கிளார்க், அளவுக்கு மீறிப் பிடித்ததுதான் காரணம் என்றார். மத்திய அரசின் விஞ்ஞானி எல்டன் செட்டி, கடலின் நிலை மாறியதுதான் மீன் குறையக் காரணம் என்ற பக்கம் நின்றார். ஆலை முதலாளிகளுக்கு எந்த விளக்கம் இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இரண்டு பேரிடமும் ஒரு முக்கியமான ஆதாரம் இல்லை. வலையே இல்லாத காலத்தில் மத்தி எப்படி இருந்தது? அதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் யாரும் கிடையாது.

எழுதி வைத்தது கடல்தான். மாண்டரேவுக்குத் தென்கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, சாண்டா பார்பரா நகருக்கு எதிரே, கடலுக்கடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆழம் ஏறக்குறைய 590 மீட்டர். அந்தப் பள்ளத்துச் சேற்றில்தான் விடை புதைந்திருந்தது.

அங்கே நடப்பது இதுதான். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கரையோரமாக வீசுகிறது. பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, மேல்நீர் கரையை விட்டு விலகி நடுக்கடல் பக்கம் போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. அந்த நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைய. உரம் போட்ட வயல் மாதிரி டயாட்டம் என்ற நுண்ணுயிர்ப் பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன மிதவை உயிர்கள், அவற்றைத் தின்ன மத்தியும் நெத்திலியும். செத்ததும் கழிந்ததும் மழை மாதிரி கீழே இறங்குகின்றன.

வழக்கமாக இந்த மழையில் மிஞ்சுவது மிகக் குறைவு. கடலின் மேற்பரப்பில் விளைவதில் நூற்றில் ஒரு பங்குகூட அடிச்சேற்றில் நிலைப்பதில்லை. மீதியை பாக்டீரியாவும் புழுவும் தின்று தீர்த்துவிடும். ஆனால் சாண்டா பார்பரா பள்ளம் ஒரு கிண்ணம் மாதிரி. அதன் மிகத் தாழ்ந்த விளிம்பே சுமார் 475 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே வரும் நீரிலேயே ஆக்சிஜன் குறைவு. மேலிருந்து விழுவது அழுகும்போது இருக்கும் கொஞ்சமும் தீர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் புழு இல்லை, நண்டு இல்லை, சேற்றைக் கிளற ஆளில்லை! குளிர்கால மழையில் ஆறுகள் கொண்டுவரும் மண் ஒரு கருநிறப் படலமாகவும், வசந்த, கோடைகால டயாட்டம் ஒரு வெளிர்நிறப் படலமாகவும் கலையாமல் படிகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம்.

(பொதுவாக இத்தகைய கடல்களில் கரிமப் பொருள் மிஞ்சுவதற்கு எது காரணம் என்பதில் பெரிய சண்டையே உண்டு. ஆக்சிஜன் இல்லாமைதான் என்று 1980-ல் டெமைசனும் மூரும் எழுதினார்கள். இல்லை, மேலே விளைச்சல் அதிகம் என்பதால்தான் என்று 1990-ல் பெடர்சனும் கால்வர்ட்டும் மறுத்தார்கள். பெட்ரோலியம் உருவாகும் பாறைகளைத் தேடுவோருக்கு இது காசு சம்பந்தப்பட்ட கேள்வி. ஆனால் படலம் கலையாமல் இருப்பதற்கு ஆக்சிஜன் இல்லாமைதான் காரணம் என்பதில் பெரிய தகராறு இல்லை.)

1961-ல் ஹூல்ஸ்மனும் எமரியும் இந்தப் படலங்களை விளக்கி எழுதினார்கள். ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் ஆண்ட்ரூ சவுட்டாரும் ஜான் ஐசக்ஸும் அதை ஒரு படி மேலே கொண்டு போனார்கள். மத்தியின் செதில் எளிதில் உதிரும். மீன் உயிரோடு இருக்கும்போதே உதிரும். உதிர்ந்த செதில் அந்தச் சேற்றில் கெடாமல் கிடக்கும். சேற்றைக் கலையாமல் வெட்டியெடுத்து, படலம் படலமாகப் பிரித்து, சலித்து, செதில்களை இனம் பார்த்து எண்ணினால்? எண்ணினார்கள். எத்தனை பொறுமை வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

1969-ல் முடிவை வெளியிட்டபோது பலருக்கு அதிர்ச்சி. ஆலைகள் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பே மத்தி பலமுறை காணாமல் போயிருந்தது, திரும்பவும் வந்திருந்தது. 1992-ல் பாம்கார்ட்னர், சவுட்டார், ஃபெரைரா-பார்ட்ரினா மூவரும் இந்த ஆராய்ச்சியை விரிவாக்கி, சுமார் 1700 ஆண்டுகளில் ஒன்பது பெரிய எழுச்சியும் வீழ்ச்சியும் நடந்ததாகக் காட்டினார்கள். மத்தி மீண்டுவர சராசரியாக 30 ஆண்டுகள் பிடித்தன.

அப்படியானால் செட்டி ஜெயித்துவிட்டாரா? பலர் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் சேறு சொன்னது வலை இல்லாமலும் மத்தி அழியும் என்பதை மட்டுமே. வலை ஒரு பாவமும் அறியாது என்று அது சொல்லவில்லை. தானாகவே சரியப் போகிற மீனை, சரிகிற நேரத்திலும் அதே வேகத்தில் அள்ளினால் என்ன ஆகும்? ஆக, கிளார்க்கின் கவலை இந்த ஆதாரத்தால் குறையவில்லை, கூடியது என்பதுதான் சரியான வாசிப்பு.

சேற்றின் சாட்சியும் குறையில்லாதது அல்ல. பழைய எண்ணிக்கையில் சில வருடப் படலங்கள் விடுபட்டிருந்ததால், 2013-ல் கார்பன் காலக்கணிப்பை வைத்து ஆண்டுகளைத் திருத்த வேண்டியிருந்தது. ஏறி இறங்கிய கதை மாறவில்லை, தேதிகள் நகர்ந்தன.

கலிஃபோர்னியா 1967-ல் மத்தி பிடிக்கத் தடை போட்டது. மீன் மெல்லத் திரும்பியதால் 1986-ல் சிறு அளவில் அனுமதித்தது. பிறகு வந்த விதிமுறையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தன: பிடிக்கும் அளவைக் கடலின் வெப்பநிலையோடு இணைத்தார்கள், கடலில் இருக்கும் மத்தி ஒன்றரை லட்சம் டன்னுக்குக் கீழே போனால், காரணம் எதுவானாலும், தொழில்முறை மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று கோடு போட்டார்கள். 2015-ல் அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே போயிற்று. இந்த முறை பழி யார் மேல் என்று முடிவாகும்வரை காத்திருக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள்.