கோஜோவும் ஜோகோவும்: ஜப்பானிய ஆலைப்பெண்களைக் குறித்த இரு சொற்கள்

ஜப்பானிய மொழியில் 'கோ' என்பது தொழிலையும் 'ஜோ' என்பது பெண்ணையும் குறிக்கும். வீட்டைவிட்டுத் தொலைதூர ஆலைகளுக்குச் சென்ற இளம்பெண்களுக்கு இவ்வுறுப்புகளால் இரு பெயர்கள் அமைந்தன: கோஜோ, ஜோகோ. வரிசை மட்டுமே வேறு. ஆயினும் இரண்டாவது சொல் காலப்போக்கில் இழிபொருள் பெற்றது.

குன்மாப் பகுதியின் டொமியோகாவில் அரசு நிறுவிய பட்டு நூலாலை 1872இல் இயங்கத் தொடங்கியது. பெண்கள் வர அஞ்சினர். ஆலையிலிருந்த பிரெஞ்சுக்காரர் அருந்திய சிவந்த மதுவை மனித இரத்தம் என்றது அக்கால வதந்தி. மேலாளர் ஒடாகா அட்சுதாடா தம் மகளையே முதலில் சேர்க்க நேர்ந்தது. மட்சுஷிரோவிலிருந்து 1873இல் சென்ற சாமுராய் குடும்பப்பெண் ஒருவர், பின்னாளில் வாடா எய் என அறியப்பட்டவர், எழுதிய நினைவுக்குறிப்பில் பெருமிதமே மேலோங்குகிறது. தொழில் கற்று ஊர் திரும்பிப் பிறர்க்குக் கற்பிப்பதே இவர்கள் கடமை. இவர்களைக் கோஜோ என்றனர்.

பின்னர் ஏழை உழவர் வீட்டுப் பெண்கள் முன்பணத்திற்கு ஒப்பந்தமாயினர். கையொப்பமிட்டவர் பெரும்பாலும் தந்தையே. பூட்டிய விடுதி, பன்னிரண்டு மணிக்கு மேற்பட்ட வேலை, காசநோய் ஆகியவை வழக்கமாயின. 1911இல் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டம் 1916இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெண்களின் இரவு வேலை 1929இல்தான் தடைப்பட்டது. தாமும் ஆலைத் தொழிலாளியாயிருந்த ஹோசோய் வாகிசோ 1925இல் வெளியிட்ட நூலின் பெயர் 'ஜோகோ ஐஷி'. 'ஐஷி' என்பது துயர வரலாறு.

உயர்ந்த சொல் மறைந்து தாழ்ந்த சொல் நிலைத்தது என எளிதாகக் கூறிவிட இயலாது. ஜோகோ பெரிதும் பருத்தி ஆலைகளுக்குரியதாக, பட்டுத்தொழிலில் கோஜோ தொடர்ந்து வழங்கியது. ஹிடா மலைநாட்டிலிருந்து நொமுகி கணவாயைப் பனியில் நடந்து கடந்து ஒகாயா ஆலைகளை அடைந்தவர்களைப் பற்றி யமமோட்டோ ஷிகெமி 1968இல் எழுதினார். அந்நூலின் துணைத்தலைப்பில் கோஜோவும் ஐஷியும் இணைந்தே நிற்கின்றன. அவர் கண்ட மூதாட்டியர் பலரோ, ஆலைச்சோறு வீட்டுச்சோற்றினும் மேல் என்றனர்!

தமிழிலும் தொகையின் தலைமைச்சொல் இறுதியில் நிற்பதால், உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தால் கோஜோ 'தொழிற்பெண்' ஆகும்; ஜோகோ 'பெண்தொழிலாளி' ஆகும். மதிப்போ தலைகீழாகிவிடும். இகழ்ச்சிச்சொல் தமிழில் சங்கக் கூட்டத்து மதிப்புச்சொல்லாகிறது. 'தொழிற்பெண்' வழக்கில் இல்லாததோடு தகாத பொருளுக்கும் இடந்தரும். இழிவு சொல்லமைப்பில் இல்லை, ஆலை வாழ்வில் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. ஹோசோயின் ஜோகோவிற்குக் 'கூலிப்பெண்' ஓரளவு பொருந்தும். ஒகாயா மூதாட்டியர்க்கு, இரக்கமும் இகழ்ச்சியும் கலவாத 'ஆலைப்பெண்' ஏற்கும். வாடா எய்க்கு இவ்விரண்டும் போதா; அவர் கற்கச் சென்றவர்.