வெள்ளிமலையும் சட்டமன்றமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையில், கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதியின் தலைமையிடம் வெள்ளிமலை. வட்டாட்சியர் அலுவலகமும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் இங்கே உள்ளன. மலைவாழ் மக்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தோர் என்பது அவர்களது மரபுக்கதை.

சட்டமன்ற உறுப்பினர் என்ற பதவி இம்மலைக்கு அறிமுகமாகும் முன்பு, அதிகாரம் ஜாகிர்தார்களிடம் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற பெயர்களில் மூன்று ஜாகிர்கள் பரம்பரையாக நடந்துவந்தன. ஏருக்கும் கொத்துக்கும் கணக்கிட்டு வரி வாங்கப்பட்டது. ஜாகிர்தாரின் நிலத்தில் குடிகள் கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது. 1952-இல் வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமையின் அடிப்படையில் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்த பிறகும் மலையில் ஜாகிர் முறை நீடித்தது.

அம்முறை 1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று தமிழகச் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. எனவே ஜாகிர் ஒழிப்புக்குப் பிந்தைய முதல் சட்டமன்றத் தேர்தல் 1977 ஜூனில்தான் நடந்தது. சமவெளியில் கால் நூற்றாண்டுக்கு மேல் வேரூன்றிவிட்ட தேர்தல் அரசியல், மலையில் அப்போதுதான் ஜாகிர்தாரின் நிழல் இல்லாமல் தொடங்கியது.

மாவட்ட எல்லைகளும் மாறிக்கொண்டே இருந்தன. தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் பிரிக்கப்பட்டபோது கள்ளக்குறிச்சிப் பகுதி விழுப்புரத்துடன் சேர்ந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

தொகுதி வரையறையில் மலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வெள்ளிமலைப் பகுதி சங்கராபுரம் தொகுதியில் அடங்கும். அது பொதுத் தொகுதி. வாக்காளர்களில் பெரும்பாலோர் சமவெளியினர். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த கல்வராயன் மலைப்பகுதியோ பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு தொகுதியில் இருக்கிறது. 2008 தொகுதி மறுவரையறைக்கு முன் தமிழகத்தில் பழங்குடியினருக்கான தொகுதிகள் மூன்று: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம். மறுவரையறையில் உப்பிலியபுரம் நீங்க, இரண்டே எஞ்சின. அரசியலமைப்பின் 332-ஆம் பிரிவு மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர், மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. 234 இடங்களில் இரண்டு மட்டும் கிடைப்பதற்கு மக்கள்தொகையில் அவர்களது பங்கு சிறிதாக இருப்பதே காரணம்.

சங்கராபுரத்தில் 2011-இல் அ.தி.மு.க.வின் ப. மோகன் வென்று அமைச்சரானார். 2016, 2021 தேர்தல்களில் தி.மு.க.வின் தா. உதயசூரியன் வென்றார். இத்தகைய தொகுதியின் உறுப்பினருக்குச் சமவெளியின் பாசனம், கரும்பு விலை போன்ற கோரிக்கைகளும், மலையின் சாலை, பள்ளி, மருத்துவமனை, வன உரிமைப் பட்டா ஆகிய கோரிக்கைகளும் ஒருசேர வந்து சேர்கின்றன. எண்ணிக்கையில் குறைந்த மலை வாக்குகள் தேர்தல் முடிவைத் தனியாகத் தீர்மானிப்பது அரிது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதைத் தொடர்ந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்குப் பதிவு செய்தது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு அடிப்படை வசதிகள் குறித்து அரசிடம் விளக்கம் கேட்டது. சட்டமன்றத்தில் தீர்ந்திருக்க வேண்டிய குறைகள் நீதிமன்றத்துக்குப் போனது, மலையின் குரல் அவையில் போதிய வலுவுடன் ஒலிக்கவில்லை என்பதையே உணர்த்துகிறது. அடுத்த மறுவரையறையில் கல்வராயன் மலையை ஒரே தொகுதிக்குள் கொண்டுவருவது அக்குறையைக் களையும் முதல் படியாக அமையும்.