பட்டன் போனில் பணம்: கூலிக்கும் கைக்கும் நடுவே நிற்பவர்கள்

இணையமும் தொடுதிரையும் இல்லாத பட்டன் போனிலிருந்தும் வங்கிப் பணத்தை அனுப்ப முடியும். இந்தியாவில் இவ்வசதி பத்தாண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூர் போன்ற ஊர்களில் அதைப் பயன்படுத்தத் தலித் கூலித் தொழிலாளி ஒருவர் எத்தனை வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்கள் 5,65,223 பேர். அவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மாவட்டம் இது. நிலமில்லாத குடும்பங்களுக்குக் கூலியே வாழ்வாதாரம். அக்கூலி ஒரு காலத்தில் களத்து மேட்டில் நெல்லாக அளக்கப்பட்டது. பின்னர் நிலவுடைமையாளரின் வாசலில் காத்து நின்று பணமாகப் பெறப்பட்டது. கூலியைக் கொடுக்கும் கையும் சாதியை நினைவூட்டும் கையும் ஒன்றாக இருந்தன. எனவே அரசு தரும் ஊதியம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியதைத் தலித் மக்கள் வரவேற்றதில் வியப்பில்லை. யாருடைய வாசலிலும் நிற்காமல் தன் பணத்தைத் தானே எடுப்பது சிறிய மாற்றமன்று.

இனி, சாதாரண போனில் இது எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். 2012இல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் *99# என்ற சேவையைத் தொடங்கியது. 2014 ஆகஸ்ட் 28 அன்று, ஜன் தன் திட்டம் தொடங்கப்பட்ட அதே நாளில், அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த எண்ணை அழுத்தினால் திரையில் எழுத்துப் பட்டியல் தோன்றும். இருப்பு பார்த்தல், பணம் அனுப்புதல் ஆகியவற்றை எண் விசைகளாலேயே முடிக்கலாம். இணையம் தேவையில்லை. தமிழுக்கென *99*23# என்ற தனி எண்ணும் வழங்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பிடிக்கப்பட்டு வந்த சிறு கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஏப்ரலில் முற்றிலுமாக நீக்கியது.

அதற்கு ஒரு மாதம் முன்னர், 2022 மார்ச் 8 அன்று, ரிசர்வ் வங்கி ‘யூபிஐ 123பே’ என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தியது. குறிப்பிட்ட எண்ணை அழைத்துக் குரல் வழிகாட்டுதலின்படி விசைகளை அழுத்துவது, மிஸ்டு கால் கொடுப்பது, பட்டன் போனிலேயே இயங்கும் சிறு செயலி, ஒலி அலை வழியாகக் கடைக்காரரின் கருவிக்குப் பணம் செலுத்துவது என நான்கு வழிகள் இதில் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு *99# பயன்படாது. குரல் வழி பயன்படலாம். ஒரு முறைக்கு 5,000 ரூபாய் என்றிருந்த வரம்பை 10,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது.

இவற்றுடன் ‘டிஜிட்டல் ரூபாய்’ என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. யூபிஐ வழியாக நகர்வது வங்கிக் கணக்கிலுள்ள பணம். டிஜிட்டல் ரூபாயோ ரிசர்வ் வங்கியே வெளியிடும் மின்வடிவ நாணயம். சட்டைப் பையிலுள்ள நோட்டுக்கு நிகரானது. பொதுமக்களுக்கான அதன் சோதனை 2022 டிசம்பர் 1 அன்று மும்பை, புது தில்லி, பெங்களூரு, புவனேஸ்வர் ஆகிய நான்கு நகரங்களில் தொடங்கியது. இணையம் இல்லாத இடங்களிலும் அதைப் பயன்படுத்த வழி செய்யப்படும் என்று 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஏழைகளுக்காக என்று சொல்லப்படும் நாணயம் பெருநகரத் திறன்பேசிகளில் தொடங்கியதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

பட்டன் போன் சேவையின் உண்மையான சிக்கல் முதல் நாளிலேயே எழுகிறது. *99# வழியாக ரகசிய எண்ணை உருவாக்க ஏடிஎம் அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதித் தேதியும் வேண்டும். அட்டை வாங்காதவர்கள், வாங்கியும் காலாவதியானவர்கள், அட்டையை வேறொருவரிடம் கொடுத்து வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அடுத்ததாக, கணக்கில் பதிவான அலைபேசி எண் அவர் கையிலுள்ள போனில் இருக்க வேண்டும். பல வீடுகளில் பதிவானது கணவனின் எண் அல்லது மகனின் எண். மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனால் தாயின் கணக்குச் சாவியும் அவனுடன் போய்விடுகிறது.

இந்த இடைவெளியை அரசின் தரவே காட்டுகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் பத்தில் ஒன்பது பேருக்கும் அதிகம். தாமே பயன்படுத்தும் அலைபேசி உள்ள பெண்களோ நான்கில் மூவர்தான். கணக்கு இருந்தும் போன் இல்லாத பெண்கள் யார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ரீசார்ஜ் செய்ய முடியாமல் எண் நீண்ட நாள் செயலற்றுக் கிடந்தால் அது வேறொருவருக்கு ஒதுக்கப்படும். அப்படிப்பட்ட எண்களை யூபிஐ தொடர்பிலிருந்து நீக்கும் விதி 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் ஒரு மாத ரீசார்ஜ் தவறுவதும் கணக்கின் கதவு அடைபடுவதும் ஒரே வரிசையில் வரும் நிகழ்வுகள் என்பதைக் கொள்கை வகுப்போர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இவ்வாறு போன் வழி அடைபடும்போது மீதமிருப்பது ரேகை வைத்துப் பணம் எடுப்பது. கிராமத்தில் வங்கி முகவரின் கையிலுள்ள சிறு கருவியில் ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைக்க வேண்டும். மண்வெட்டி பிடித்தும் களை பறித்தும் தேய்ந்த விரல்களை அக்கருவி பல நேரம் ஏற்பதில்லை. ஏற்றாலும், எவ்வளவு எடுக்கப்பட்டது, எவ்வளவு மீதம் என்பதை முகவர் சொல்லித்தான் அறிய வேண்டும். முகவருக்கான கமிஷன் வங்கிகளிடமிருந்து வருகிறது. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேட்கலாம். ஆனால் முகவரின் கடை ஊர்த் தெருவில் இருந்து, வாடிக்கையாளர் காலனியிலிருந்து வரும்போது, ரசீது கேட்பது எளிய செயலா? பழைய வாசல் இங்கே வேறு உருவில் திரும்பி வருகிறது.

கணினிக்குச் சாதி தெரியாது என்று சொல்வோருக்கு 2021ஐ நினைவூட்ட வேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம், நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, பிறர் என மூன்றாகப் பிரித்து அனுப்புமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஒரே ஏரியில் ஒன்றாக மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாளில் பணம் வந்தது. கூலி தாமதமானது, வேலைத்தளங்களில் சாதிப் பகையும் மூண்டது. எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டில் அம்முறை கைவிடப்பட்டது. 2024 ஜனவரி 1 முதலோ ஆதார் வழிக் கூலி கட்டாயமாக்கப்பட்டது. அம்முறையில் பணம் தொழிலாளி சொன்ன கணக்குக்கு அன்றி, ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குச் செல்கிறது. எந்தக் கணக்கு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஆதார் எந்த வங்கியுடன் இணைந்துள்ளது என்பதை அறிய *99*99# என்ற எண் பட்டன் போனுக்காகவே உருவாக்கப்பட்டது. வேலைத்தளத்தில் அதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

மகளிர் உரிமைத் தொகையிலும் இதைக் கண்டோம். 2023 செப்டம்பரில் முதல் 1,000 ரூபாய் கணக்கில் ஏறியதும், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அப்படிச் செய்யக் கூடாது என்று மாநில நிதியமைச்சர் எச்சரிக்க வேண்டியிருந்தது. இருப்பை உடனே பார்க்கும் வழி கையில் இருந்தவர்களால்தான் அதை உடனே கண்டுபிடித்துக் கேட்க முடிந்தது.

கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா பட்டன் போனில் வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம், அதற்கு வங்கிக் கணக்கே தேவைப்படாதது. இந்தியாவோ வங்கியை நடுவில் வைத்தே எல்லாவற்றையும் வகுத்தது. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதிய அம்பேத்கர், நாணயக் கொள்கையின் சுமை கூலி பெறுவோர் மீது எவ்வாறு விழுகிறது என்பதைக் கணக்கில் கொண்டார். இன்றைய பணமுறைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

இப்போதைக்குக் கையில் உள்ள உரிமைகள் சில. யூபிஐ வழி அனுப்பிய பணம் கணக்கில் கழிந்தும் பெறுநருக்குச் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் அது சரிசெய்யப்பட வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை. விளக்கம் பெற 14431. வங்கியிடம் எழுத்துவழி முறையிட்டு 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான 14448 எண்ணில் தமிழிலும் பேசலாம், புகாரை அஞ்சலிலும் அனுப்பலாம், கட்டணம் இல்லை. வங்கியில் கொடுத்த மனுவின் நகலில் தேதியிட்ட முத்திரை பெற்று வைத்திருப்பது அவசியம். அந்த 30 நாள் கணக்கை அதைக் கொண்டுதான் நிறுவ முடியும்.