கீறலுக்கும் விலை உண்டு

2019 டிசம்பரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் ஒரு ரோலக்ஸ் கைக்கடிகாரத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. ஜி.எம்.டி. மாஸ்டர் வகை. கண்ணாடியைச் சுற்றி எண்கள் போட்ட சுழல் வளையம்தான் அந்த வகைக்கு அடையாளமே. இந்தக் கடிகாரத்தில் அந்த வளையமே இல்லை. ‘அபோகலிப்ஸ் நவ்’ படப்பிடிப்பில் ‘இந்த வாட்ச் வேண்டாம், கண்ணை இழுக்கிறது’ என்று சொன்னதற்கு, மார்லன் பிராண்டோ வளையத்தை மட்டும் கழற்றிவிட்டு வாட்சைக் கட்டிக்கொண்டே நடித்தார். பின்மூடியில் தன் பெயரையும் தன் கையாலேயே கீறி வைத்திருந்தார். புது வளையம் மாட்ட ஆகும் செலவு ஏல விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. யாரும் மாட்டவில்லை. 19 லட்சத்து 52 ஆயிரம் டாலருக்குப் போனது.

சங்ககிரியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுடையது லாரி ஊர். பழைய வண்டியை விற்க வேண்டுமென்றால் முதலில் தகரம் தட்டி, பெயிண்ட் அடித்து, எஃப்.சி. எடுத்து, பின்பலகையில் புதிதாகப் பேர் எழுதி, அப்புறம்தான் புரோக்கரைக் கூப்பிடுவார்கள். சந்தைக்குப் போகும் மாட்டுக்குக்கூட கொம்பு சீவி, குளிப்பாட்டித்தான் ஓட்டிப் போவது. விற்கும் பொருள் புதிதாகத் தெரிய வேண்டும் என்பது இங்கே யாரும் கேள்வி கேட்காத விதி.

அதனால், தங்கச்சியின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பாருவின் ஒமேகா சீமாஸ்டரை விற்பது என்று முடிவானபோது அப்பா சொன்னதில் ஆச்சரியம் ஏதுமில்லை. “நல்லா பாலிஷ் போட்டு, டயல மாத்திப் புதுசாட்டம் ஆக்கிட்டுக் குடுத்தா நாலு காசு சேத்தி வரும்டா.” டயலில் பழுப்பு ஏறியிருந்தது. உலோகம் முழுக்கக் கீறல். இரண்டு தலைமுறை லாரித் தொழிலில் கற்ற கணக்கு அவருடையது, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் வாட்சுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? பதில் தேடப் போன இடத்தில் நம் நாட்டுக் கடிகாரங்களின் கதையே கிடைத்தது.

சங்ககிரிக்கு நிமிடக் கணக்கு வந்தது ரயிலோடுதான் என்று சொல்லலாம். 1860களின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து மேற்குக் கடற்கரை பேப்பூருக்குப் போட்ட பாதை எங்கள் ஊர் வழியாகப் போனது. பிற்பாடு ரயில்வே பின்பற்றியது மதராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானோக்கு நிலையத்தின் நேரம் அது. 1906 முதல் இந்தியப் பொது நேரம் வந்தபோது கடிகாரங்களை ஒன்பது நிமிடம் போல முன்னால் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. மதராஸில் கடிகாரம் என்றால் 1849இல் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ். பம்பாயில் 1865 முதலே சுவிட்சர்லாந்தின் ஃபாவ்ர் லூபா கடை விரித்திருந்தது, கொஞ்சம் பின்னால் வெஸ்ட் எண்ட் வந்தது. கைக்கடிகாரம் வெள்ளைக்கார அதிகாரி, ஜமீன்தார் என்று ஆரம்பித்து, மெல்ல மாப்பிள்ளைச் சீர் வரைக்கும் இறங்கி வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. இறக்குமதிக்குக் கெடுபிடி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. வெளிநாட்டு வாட்ச் மேல் இருந்த மோகம் அதனால் குறையவில்லை, கடத்தலாக மாறியது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123வது பிரிவைப் பார்த்தால் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று புரியும். கடத்தல் பொருள் என்று நியாயமாக நம்பி அதிகாரி ஒன்றைக் கைப்பற்றினால், கடத்தல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவரின் பொறுப்பு. இந்த விதிக்குள் வரும் பொருள்களாகச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இரண்டை. ஒன்று தங்கம், இன்னொன்று கைக்கடிகாரம்.

அப்பாருவின் வாட்ச் அந்தக் காலத்துச் சரக்கு. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கியது. பில் கிடையாது, பெட்டி கிடையாது. இன்று பெட்டியும் காகிதமும் இருந்தால் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு இப்படி வாங்கிய வாட்சுக்குக் காகிதம் எங்கிருந்து வரும்?

இறக்குமதிக் கெடுபிடியின் இன்னொரு விளைவுதான் எங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வாட்ச் கடத்தி வரலாம். அதன் பற்சக்கரத்தையும் டயலையும் முள்ளையும் யார் கடத்தி வருவார்கள்? உதிரி பாகம் கிடைக்காத நாட்டில் வாட்ச் ரிப்பேர்காரர்தான் தொழிற்சாலை. ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்குப் போட்டார்கள். தேய்ந்த பாகத்தைக் கடைந்தே செய்தார்கள். நிறம் மங்கிய டயலைச் சுரண்டி, மறுபடி பெயிண்ட் அடித்து, பேரை அச்சடித்தார்கள். கட்டியிருந்தவருக்கு வேண்டியது மணி. அதை அவர்கள் கொடுத்தார்கள்.

பிறகு காலம் மாறியது. 1969 கிறிஸ்துமஸ் நாளில் டோக்கியோவில் சைக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி போதும், நேரமும் துல்லியம். சுவிஸ் தொழிலே ஆட்டம் கண்டது. இங்கே டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. மணி பார்க்கச் சாவி வாட்ச் தேவையில்லை என்று ஆன பிறகுதான், அது சேகரிக்கும் பொருளாக மாறி விலை ஏறியது.

அப்போது உலகச் சந்தைக்கு இந்தியாவிலிருந்து பழைய வாட்சுகள் குவியலாகப் போயின. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பளபளக்கும் புது டயல். உள்ளே நாலு வாட்சின் பாகங்கள். சேகரிப்பவர்கள் இதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பேர் வைத்தார்கள். பாராட்டுப் பேர் இல்லை. இந்தியாவிலிருந்து ஒரு பழைய வாட்ச் பளிச்சென்று வந்தால் முதலில் சந்தேகப்படுவது வழக்கமாகிவிட்டது. வறுமையில் பிறந்த கைத்திறமை, விற்பனைத் தந்திரமாக மாறியதும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது. அப்பா சொன்னபடி டயலை மாற்றியிருந்தால் எங்கள் நல்ல வாட்சும் அந்த வரிசையில் போய் நின்றிருக்கும்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற விளக்கம் இருக்கிறது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், பின்னாளில் நோபல் பரிசும் வாங்கினார். பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாப் பொருளையும் சந்தேகித்தே விலை கேட்பார், நல்ல பொருளும் அடிபடும். லாரியில் இதைச் சமாளிக்க வழி உண்டு. வாங்குபவர் தன் மெக்கானிக்கோடு வருவார், ஓட்டிப் பார்ப்பார். பெயிண்டை ஏமாற்றாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை, இஞ்சின் தனியாகப் பேசும். பழைய வாட்சில் அந்த மேல்பூச்சே பொருளின் பாதி மதிப்பு. அதைப் புதுப்பித்தால் சாட்சியத்தை அழித்ததாக ஆகிவிடுகிறது. பாலிஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. கூரான விளிம்புகள் மழுங்கும், மழுங்கியது திரும்ப வராது.

அதற்காக ரிப்பேரே பாவம் என்றும் சொல்ல முடியாது. டைட்டானிக்கில் இறந்த கோடீஸ்வரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் உடலோடு அவருடைய தங்கப் பாக்கெட் வாட்சும் கிடைத்தது. மகன் வின்சென்ட் அதைச் சரிசெய்து தானே பயன்படுத்தினார். 2024 ஏப்ரலில் இங்கிலாந்தில் அது 11 லட்சத்து 75 ஆயிரம் பவுனுக்கு விலைபோனது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஹிரோஷிமாவில் 8.15க்கு உருகி நின்றுபோன ஒரு கைக்கடிகாரம் 31 ஆயிரம் டாலருக்கு மேல் போனது. அதை யாராவது ஓட வைத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? மகன் அப்பாவின் வாட்சைச் சரிசெய்தது அந்த வாட்சின் கதையில் ஒரு பகுதி. விற்பதற்காக விற்பவர் செய்யும் ரிப்பேருக்கு அப்படியொரு கதை இருப்பதில்லை.

சேலம் கடைவீதிப் பக்கம் ஒரு பழைய ரிப்பேர்காரரிடம் காட்டினேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி, டயல் ஒரிஜினல். யாரும் கை வெக்கல. ஆயில் காஞ்சு போச்சு, அதான் ஒரு நாளைக்கு நாலு நிமிசம் பிந்துது. சர்வீஸ் பண்ணித் தரட்டுங்களா?”

“விக்கறதுக்குங்கய்யா. பண்ணலாமா?”

“வாங்கறவன் அவனுக்குத் தெரிஞ்ச ஆளுகிட்டத்தான் குடுப்பான். நீங்க பண்ற செலவ அவன் வெலையில சேத்த மாட்டான். உள்ளாற எப்பிடி இருக்குதுன்னு நான் எழுதித் தர்றேன், அதக் காட்டுங்க.”

அப்புறம் மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். ஊசிமுனையால் கீறியது போல மிகச் சின்ன எழுத்துகள். மூன்று இடங்களில். வாட்சைச் சர்வீஸ் செய்கிறவர்கள் தேதியையோ தங்கள் குறியையோ இப்படிக் கீறி வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம், அடுத்து திறப்பவருக்குத் தகவல். ஒன்றில் 72 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. அந்த மூன்று பேரும் யார் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. உதிரி பாகம் இல்லாத நாட்டில் டயலை மாற்றாமல், விளிம்பைத் தேய்க்காமல் அந்த வாட்சை ஓட வைத்தவர்கள் அவர்கள்தான். எங்களுக்குக் கிடைத்த விலை ஒரு வகையில் அவர்கள் போட்ட கூலிதான்.

கோயம்புத்தூரில் சேகரிப்பவர் ஒருவர் வாங்கினார். நாங்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைத்தார், சர்வீஸ் செலவைக் காரணம் சொன்னார், அது நியாயம்தான். டயலைத் தொட்டிருந்தால் பார்க்கவே வந்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். முதல் வருஷக் கட்டணம் கட்டியாகிவிட்டது. கொடுப்பதற்கு முந்தின நாள் அந்த மூன்று கீறல்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அப்பா அதைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இத்தன வருசம் கட்டியிருந்தாரு, அப்பாருக்கே இது தெரிஞ்சிருக்காது” என்றார்.