நான்காவது மரம்

1784-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் பாஸி என்ற ஊரில், பெஞ்சமின் பிராங்க்ளின் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில், 12 வயதுப் பையன் ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் கட்டிப்பிடித்து நின்றான்.

உடம்புக்குள் ஓடும் 'விலங்குக் காந்தம்' தடைபடுவதால்தான் நோய் வருகிறது, அதைச் சரிசெய்ய என்னால் முடியும் என்று சொல்லி, மெஸ்மர் என்ற மருத்துவர் பாரிஸையே கட்டிப்போட்டிருந்த காலம். உண்மையா என்று பார்க்க பதினாறாம் லூயி மன்னர் ஒரு குழு போட்டார். பிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேவும் அதில் இருந்தார்கள்.

மெஸ்மரின் சீடர் தெஸ்லான் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தம் 'ஏற்றினார்'. பையனையும் அவரேதான் தேர்ந்தெடுத்தார். எந்த மரம் என்று மட்டும் பையனுக்குத் தெரியாது. முதல் மரத்திலேயே வியர்த்து, இருமினான். போகப்போக நிலைமை மோசமானது. நான்காவது மரத்தில் கைகால் விறைத்து மயங்கிவிட்டான். காந்தம் ஏற்றிய மரமோ 24 அடி தள்ளி நின்றது!

காந்தமே கிடையாது, எல்லாம் கற்பனை என்று குழு தீர்ப்பு எழுதியது. கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். இவ்வளவு சுத்தமான டெஸ்ட்டைப் பார்த்தால் கைதட்டத் தோன்றும். ஆனா, பையன் நிஜமாகவே விழுந்தானே? வெறும் எண்ணத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அதைத் தோண்டாமலே டிக்கெட்டை மூடிவிட்டார்கள். கற்பனைதான் நல்ல மருந்து என்றால் அதையே கொடுத்தால் என்ன என்று தெஸ்லான் முன்பே கேட்டிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

1843-ல் ஜேம்ஸ் பிரெய்டு என்ற மருத்துவர் காந்தக் கதையைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்ததற்கு 'ஹிப்னாடிசம்' என்ற பெயரை நிலைநிறுத்தினார்.

தெஸ்லானின் கேள்விக்கான பதிலை நான் 1984-ல் வந்த ஒரு புத்தகத்தில் பார்க்கிறேன். ஜோசஃபின் ஹில்கார்டும் சாமுவேல் லெபரானும் புற்றுநோய் வந்த குழந்தைகளின் வலியைப் பற்றி எழுதியது. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுக்கும்போது, குழந்தையின் மனதை அதற்குப் பிடித்த கற்பனைக்குள் கூட்டிப்போகிறார்கள். குழந்தை தூங்குவதில்லை, யாருக்கும் அடிமையாவதும் இல்லை. இது புற்றுநோயைக் குணமாக்காது, எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி பலிக்காது. கற்பனையில் எளிதாக மூழ்கக்கூடிய குழந்தைகளுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது.

அந்தத் தோட்டத்துப் பையனுக்கு இருந்ததும் அதே திறமைதான். குழு அதை மோசடிக்கான சாட்சியாக மட்டும் எடுத்துக்கொண்டது. அதையே குழந்தையின் கையில் கொடுத்து, "இது உன்னோடது, வலிக்கும்போது எடுத்துக்கோ" என்று சொல்ல மருத்துவத்துக்கு 200 வருஷம் ஆகியிருக்கிறது.